வீட்டுக்குரல் சோதனை

கண்ணை மூடிக்கொள்ள இமை கொடுத்த இயற்கை, காதை மூடிக்கொள்ள எதையும் கொடுக்கவில்லை. மனிதன் முதலில் கேட்கப் பிறந்தவன், மற்றதெல்லாம் பிற்பாடு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. கேட்கத் தெரிந்தவனே வாழத் தெரிந்தவன்.

இந்த வாசகங்களைச் செவிச்செம்மல் போனில் தன் குழுவில் பதிவிட்டுவிட்டு, அதற்கு விழுந்த கைதட்டல்களை எண்ணிக்கொண்டிருந்தார். குளிப்பதற்கென்று அவரே திறந்துவிட்டு வந்த குழாயால் அந்த நேரத்தில் வாளி நிரம்பி வழிந்து, தண்ணீர் கூடத்துக்கு வந்து, அவருடைய செருப்பில் ஒன்றை மெல்ல நகர்த்திக்கொண்டு போனது. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து எதிரில் நின்று கையை ஆட்டினாள். அவர் ஒரு விரலைத் தூக்கி, இதோ ஒரு நிமிடம் என்றார். அவள் போய்க் குழாயை மூடினாள்.

செவிச்செம்மல் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. காதுக்குள் செருகிக்கொள்ளும் இயர்போன்களை ஆராய்வதற்கென்றே நடுத்தர வயது ஆண்கள் ஐந்தாறு பேர் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதன் தலைவர் ஒரு விடுமுறை நாளில் விளையாட்டாகக் கொடுத்த பட்டம் அது. இவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நாளில் பெயரை எடுத்துவிட்டுப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார். தலைவருக்குத் தங்கக்காது என்று பட்டம். அது அவரே அவருக்குக் கொடுத்துக்கொண்டது.

இப்போது செவிச்செம்மலின் காதில் இருந்தது நல்ல ஜோடிதான். வாங்கிய புதிதில், 'இதற்கு மேல் ஆசைப்படுவது பேராசை' என்று முடியும் நீண்ட மதிப்புரை ஒன்றை அவரே எழுதியிருந்தார். புதிதாகச் சந்தைக்கு வந்திருந்தது இதைப் போல எட்டு மடங்கு விலை. எட்டு மடங்கு கொடுத்தால் எட்டு மடங்கு நன்றாக இருக்குமா, இரண்டு மடங்காவது இருக்குமா, இல்லை தலையில் மிளகாய் அரைக்கிறார்களா என்பதுதான் கேள்வி. ஒரு மாதமாக அவர் அந்தக் கேள்வியோடு எழுந்து, அதோடு பல் தேய்த்து, அதோடு படுத்தார். பழையதில் பாட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய திரை தொங்குவதாக அவருக்குப் படத் தொடங்கியிருந்தது. புதியது வந்திருக்கிறது என்று தெரியும்வரை அந்தத் திரை அங்கே இல்லை.

பாட்டு என்று சொன்னாலும், ஒரு பாட்டை முழுதாகக் கேட்டு அவருக்கு வருடங்களாயிற்று. ஒரே பாட்டின் ஒரே துண்டை, பேஸ் எப்படி, ட்ரெபிள் எப்படி, பாடுபவர் மூச்சு வாங்குவது தெரிகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்பார். அந்தப் பாட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பார்.

கேள்வி இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் குழுவில் பதிவிடவில்லை.

அவர் மனைவிக்குப் பல் கட்டும் லேபில் வேலை. டாக்டர்கள் வாயில் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் பல் செதுக்கி, செட் தயாரிக்கிறவள். இந்த ஊரில் பல பெரிய மனிதர்கள் மேடையில் சிரிப்பது அவள் கைவண்ணம்தான். அவளுடைய முதலாளி இன்னொரு ஊரில், ஓர் இரவும் அரைப் பகலும் பயணம் செய்து போகவேண்டிய ஊரில், புது லேப் ஆரம்பிக்கிறார். அங்கே பொறுப்பாக இருந்து நடத்த இவளைக் கூப்பிட்டிருந்தார். இதை அவள் கணவரிடம் சொல்லவில்லை. சொல்ல வரும்போதெல்லாம் அவர் காதில் ஏதாவது செருகியிருந்தது. ஆனால் வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் சொன்னாள். குளியலறைக் கதவுக்குப் பின்னால், தலையில் சோப்பு நுரையோடு, காதில் ஒன்றும் இல்லாத அபூர்வமான ஒரு தருணத்தில் நின்றிருந்த செவிச்செம்மல் அதைக் கேட்டுவிட்டார்.

"அவர் இருன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் இருந்துடுவேன்டி," என்றாள் அவள். "அதுக்காகத்தான் காத்திருக்கேன். ஆனா முதல்ல நான் சொல்றத அவர் காதுல வாங்கணுமே."

மகள் என்ன சொன்னாளோ தெரியாது. "சும்மா இருடி, உங்கப்பாதான்," என்று அவள் சிரித்தது கேட்டது.

நுரை கண்ணில் இறங்கி எரியும்வரை அவர் அசையவில்லை. அவள் போன பிறகு காலையில் எழுந்து அந்த வீட்டில் தான் மட்டும் நடமாடுவதை நினைத்துப் பார்த்தார். நினைக்கப் பிடிக்கவில்லை. இரு என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் சொன்னால் அவள், "எதுக்கு?" என்று கேட்பாள். அவள் சுபாவம் அப்படி. அந்த 'எதுக்கு'வுக்கு அவரிடம் பதில் எதுவும் தயாராக இல்லை. யோசித்துப் பார்த்தார், சட்டை இஸ்திரி, மாத்திரை டப்பா, சாவி வைக்கும் இடம் என்றுதான் வந்தது. இதையெல்லாம் ஒரு மனிதன் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

ஆகவே வேறு ஒரு வழி கண்டுபிடித்தார். தன்னிடம் சொல்லாமல் அவள் போகமாட்டாள். காது அடைத்திருக்கும்வரை அவளால் சொல்ல முடியாது. எனவே காது அடைத்திருக்கும்வரை அவள் போகமாட்டாள். இந்தக் கணக்கில் ஓட்டை எதுவும் அவர் கண்ணுக்குப் படவில்லை. பழைய ஜோடி பேச்சுக்குரலைச் சுமாராகத்தான் தடுத்தது. புதியதைப் பற்றி, அதைப் போட்டால் பக்கத்தில் கட்டடம் இடிந்தாலும் தெரியாது என்று எழுதியிருந்தார்கள்.

பிழைப்பு என்று பார்த்தால், செவிச்செம்மலுக்குச் சம்பளம் கொடுத்ததே கேட்பதற்குத்தான். வாஷிங் மெஷின், வாட்டர் ஹீட்டர் விற்கும் நிறுவனம் ஒன்றின் குறைகேட்பு மையத்தில் அவர் பயிற்சி மேலாளர். வரிசை வரிசையாகத் தடுப்புப் பலகைகளுக்கு நடுவே உட்கார்ந்து, தண்ணீர் சுடவில்லை என்று திட்டுகிறவர்களைச் சமாளிக்கும் பிள்ளைகளுக்கு, 'செவிமடுத்தல்' என்ற தலைப்பில் வாரம் ஒரு வகுப்பு எடுப்பார். பலகையில் அந்தச் சொல்லைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, சற்று நேரம் மௌனமாக அதையே பார்ப்பார். பிறகு முறையைச் சொல்வார். வாடிக்கையாளர் சொல்வதில் கடைசி இரண்டு மூன்று சொற்களை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். அவற்றை அவரிடமே ஒரு கேள்வியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு, "புரியுதுங்க" என்று ஒரு பெருமூச்சு. தீர்ந்தது.

"மூணு நாளா ஹீட்டர் ஓடல, குழந்தைக்கு ஜுரம்னு சொல்றாங்கன்னு வெச்சுக்குவோம். நீங்க என்ன சொல்லணும்?"

"குழந்தைக்கு ஜுரமா? புரியுதுங்க," என்றது வகுப்பு.

"அருமை. அவங்க மனசு குளிர்ந்துடும்."

"ஹீட்டர் சார்?" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

"அது வேற டிபார்ட்மென்ட்."

அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. "சார், அவங்க சொல்றத நெஜமாவே முழுசாக் கேட்டா என்ன சார் ஆகும்?"

"நேரமாகும்," என்றார் செவிச்செம்மல்.

இந்த முறையை அவர் வீட்டிலும் கையாண்டு வந்தார். மனைவிக்கு வந்த புதிதிலேயே தெரிந்துபோயிற்று. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், "இன்னிக்கு லேபுக்கு ஒரு யானை வந்துது, கடைவாய்ப் பல் கட்டிக்கிட்டுப் போச்சு," என்றாள். "கட்டிக்கிட்டுப் போச்சா? புரியுது," என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் பரீட்சை எதுவும் வைக்கவில்லை.

குழுவின் வழக்கம் ஒன்று உண்டு. வெளிச்சத்தத்தைத் தடுக்கும் என்று சொல்லிக்கொண்டு எந்தக் கருவி வந்தாலும், அதைக் கம்பெனிக்காரன் சொல்லுக்காக ஏற்றுக்கொள்ளக் கூடாது. வீட்டுக்குரல் சோதனை நடத்தியாக வேண்டும். அது தங்கக்காதின் கண்டுபிடிப்பு. "தெரியாதவன் பக்கத்துல நின்னு கத்தினாக்கூடக் காது விட்டுடும். பழகின குரல் முணுமுணுத்தாப் போதும், காது தானா ஓடிப்போய்ப் புடிச்சுக்கும். பொண்டாட்டி குரலத் தடுத்தாத்தான்யா அது தடுப்பு. மத்ததெல்லாம் பஞ்சு," என்பார்.

அதற்கு விதிகளும் வகுத்திருந்தார். போட்டுக்கொள்பவர் முதுகைக் காட்டி உட்கார வேண்டும், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. பேசுகிறவரே பாட்டை ஓடவிட்டு, பிறகு பேச வேண்டும். எதையும் பார்த்துப் படிக்கக் கூடாது. வீட்டில் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேச வேண்டும். மூன்றாவது ஆள் அறைக்குள் இருக்கக் கூடாது. தங்கக்காதின் மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. அதனால் சோதனை நின்றுவிடவில்லை. போகும்முன் அவள் திட்டியதை அவர் பதிவு செய்து வைத்திருந்தார். "ஒரு விதத்துல அதுதான் சௌகரியம். ஒவ்வொரு தடவையும் அதே சத்தம், அதே திட்டு. கூடக் குறைய இருக்காது," என்பார்.

புதியதை வாங்கலாமா என்று செவிச்செம்மல் குழுவில் ஒரு மாதமாக அரைத்துக்கொண்டிருந்ததில் மற்றவர்களுக்கே அலுத்துப்போயிற்று. "எட்டு மடங்குக்கு எட்டு மடங்கு" என்று இவர் ஒரு கட்டுரையே எழுதியிருந்தார். வாங்காமலே அதன் புகழைப் பாடியிருந்தார். "மாப்பிள்ளையப் பாக்காமலே சீர் வரிசை பேசறாரு," என்று ஒருவர் கிண்டலடித்தார். கடைசியில் தங்கக்காது நாள் குறித்துவிட்டார். "சனிக்கிழமை கடைக்கு வாங்க. நானும் வரேன். வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க. சோதனையில தேறினா வாங்குங்க, இல்லன்னா இந்தப் பேச்சை விடுங்க."

சனிக்கிழமை காலை செவிச்செம்மல் சமையலறைக்குள் வந்து, தானாகவே இரண்டு காதிலிருந்தும் இயர்போனை உருவினார். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. அவள் துணியை மேடைமேல் வைத்துவிட்டு, முழுதாகத் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஒரு உதவி வேணும்," என்றார்.

அவள் துணியை மறுபடி எடுத்துக்கொண்டாள். "சொல்லுங்க."

சொன்னார். விதிகளையும் விளக்கினார்.

"நான் பேசணும், நீங்க கேக்கக் கூடாது. அவ்வளவுதானே?" என்றாள். "அதுக்கு எதுக்குக் கடைக்குப் போகணும்? இங்க தெனமும் நடக்கறதுதானே."

"இது அறிவியல் முறைப்படி நடக்கணும்மா. விளையாட்டு இல்ல."

"பழசுக்கு என்ன கேடு?"

"அதுல ஒரு திரை இருக்கு. உனக்குச் சொன்னாப் புரியாது."

"சரி, என்ன பேசணும்?"

"என்ன வேணாப் பேசலாம். மனசுல இருக்கறது எதுவா இருந்தாலும் சரி. எழுதி வெச்சுப் படிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அவள் ஒரு தட்டைத் துடைத்து அடுக்கினாள். இன்னொன்றைத் துடைத்தாள். "மனசுல இருக்கறது எதுவா இருந்தாலும்?"

"ஆமா."

"வரேன்," என்றாள்.

பஸ்ஸில் பாதி தூரம் போன பிறகுதான் தன் வாயால் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் பல்வலிக்காரி மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். அவருக்கு வியர்த்தது. பிறகு தைரியம் வந்தது. அவள் என்ன சொன்னால் என்ன? கேட்காது. கேட்காமல் இருப்பதற்குத்தானே எட்டு மடங்கு.

கடையின் கோடியில் கண்ணாடி அறை ஒன்று. உள்ளே சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டியிருந்தது. எதிரெதிராக இருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றைத் தங்கக்காது தானே திருப்பிப் போட்டார். தலைமுடியைக் கொண்டையாக முடிந்திருந்த விற்பனையாளன், ரப்பர் முனைகளைச் சின்னத் துணியால் துடைத்துக் கொடுத்தான். செவிச்செம்மலின் மனைவியிடம் கடையின் போன் ஒன்றை நீட்டினான்.

"இந்த முக்கோணத்த அழுத்துங்கம்மா, சார் காதுல பாட்டு ஆரம்பிச்சுடும். அப்புறம் நீங்க பாட்டுக்குப் பேசுங்க. பேசி முடிச்சதும் இதையே இன்னொரு தடவ அழுத்துங்க, நின்னுடும்."

"இவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

தங்கக்காது வெளியே போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், செவிச்செம்மலின் முகம் தெரிகிற மாதிரி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கதவு மூடிக்கொண்டது.

செவிச்செம்மல் புதியதைக் காதில் பொருத்தினார். கிணற்றுக்குள் இறங்கியதுபோல் உலகம் ஒரு படி தள்ளிப் போயிற்று. கண்களை மூடிக்கொண்டார். அந்தக் கடையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டும் பாட்டு குழுவில் பிரசித்தம். ஆரம்பத்தில் வெறும் மூச்சுதான். மட்டமான கருவியில் அதுகூடத் தெரியாது என்பார்கள். அவருக்கு எதுவும் தெரியவில்லை. அந்த நிசப்தத்தின் தரத்தை முதலில் மெச்சினார். பிறகு, தங்கக்காது பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று, தலையை லேசாக ஆட்டினார். வலது கை ஆள்காட்டி விரல் முழங்கால்மேல் தாளம் போடத் தொடங்கியது.

"பேசறேன்," என்றாள் மனைவி பின்னாலிருந்து.

கேட்டது. பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கொஞ்சம் தள்ளி. ஆனால் சொல் சொல்லாக, ஒன்றுகூடச் சிந்தாமல் கேட்டது. பாட்டு இதோ வந்துவிடும், வந்ததும் இதை மூழ்கடித்துவிடும் என்று அவர் காத்திருந்தார்.

"எழுதி வெச்சுப் படிக்கக் கூடாதுன்னீங்க. எழுதல. ஆனா வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். அது தப்பா என்னன்னு தெரியல. எங்க முதலாளி வேற ஊர்ல புது லேப் போடறாரு. நான்தான் அங்க போய்ப் பாத்துக்கணும்னு சொல்றாரு. எனக்குக் கீழ நாலு பேரு. எனக்குன்னு ஒரு மேஜை, ஜன்னல் பக்கமா."

பாட்டு வரவில்லை. எங்கோ இணைப்பு அறுந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. அவள் அழுத்தியிருப்பாள், கருவிக்கு வந்து சேரவில்லை. கையைத் தூக்கி, பாட்டு வரவில்லை என்று சொன்னால் முடிந்தது. ஆனால் வராத பாட்டுக்கு ஏற்கனவே தலையாட்டித் தாளமும் போட்டாகிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கக்காது அதைப் பார்த்துத் தானும் தலையாட்டிக்கொண்டிருந்தார். செவிச்செம்மலின் விரல் நிற்க வழியில்லாமல் தாளம் போட்டுக்கொண்டே போயிற்று.

"நான் ஒண்ணும் தியாகி இல்ல, அதையும் சொல்லிடறேன்," என்றாள் அவள். "எனக்குப் போகணும்னுதான் இருக்கு. பாதி மனசு எப்பவோ போய் அந்த ஜன்னல் பக்கம் உக்காந்தாச்சு. மீதிப் பாதி இங்க எதையோ புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. எதன்னு தேடித் தேடிப் பாத்தேன். பழக்கதோஷம்மா அதுன்னு உங்க பொண்ணு சொல்றா. இருக்கலாம். நானும் லேசுப்பட்டவ இல்ல. உங்ககூட சண்டை போடறதயே விட்டுட்டேன் பாருங்க, அது என் தப்பு. சண்டை போட்டிருந்தாலாவது என் குரல் உங்களுக்கு மறக்காம இருந்திருக்கும்."

அவள் குரல் இப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கொஞ்சம் கரகரப்பு இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் அவள் மூச்சு வாங்குவது தெரிந்தது.

"திங்கக்கெழமை பதில் சொல்லணும். இதச் சொன்னா நீங்க இருன்னு சொல்லுவீங்கன்னு ரெண்டு வாரமா நேரம் பாத்தேன். அது உங்களுக்குக் கஷ்டம். தெரியும். அதனால சொல்ல வேணாம். இப்ப தலையத் திருப்பி என்னப் பாத்தீங்கன்னாப் போதும். கோவமாப் பாத்தாலும் சரி. ஏண்டி இங்க வந்து மானத்த வாங்கறேன்னு பாத்தாலும் சரி. நான் இருந்துடறேன். எதுக்குன்னுகூடக் கேக்கமாட்டேன். இதுக்கு மேல விலை குறைக்க என்னால முடியாது."

எதுக்கு என்று கேட்கமாட்டாளாம். இத்தனை நாள் வழியை அடைத்துக்கொண்டு நின்ற அந்த ஒரு கேள்வியும் விலகிவிட்டது. இனி கழுத்து திரும்ப வேண்டியதுதான் பாக்கி. கழுத்து திரும்பத் தொடங்கியும்விட்டது, காலருக்கு உள்ளே ஒரு நரம்பு இழுபட்டதை அவர் உணர்ந்தார்.

கண்ணைத் திறந்தார். எதிரே தங்கக்காது கட்டைவிரலை உயர்த்தி, எப்படி என்று புருவத்தால் கேட்டார். இப்போது திரும்பினால், கேட்டுவிட்டது என்று ஆகும். எட்டு மடங்கு தோற்றது என்று ஆகும். கட்டுரை, புகழ், பட்டம் எல்லாவற்றையும் மதியத்துக்குள் குழுவில் துவைத்துக் காயப்போட்டுவிடுவார்கள். தவிர, அவர் யோசித்தார், இங்கே என்ன அவசரம்? எனக்குக் கேட்கவில்லை என்றுதானே அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்காத ஆளிடம் சொன்னது சொன்னதாக ஆகாது. சாயங்காலம் வீட்டில், அவள் கேட்காமலே, தானாகவே, 'நீ எங்கேயும் போகாதே' என்று சொல்லிவிடலாம். கேட்டுச் சொல்வதைவிடக் கேட்காமல் சொல்வதற்கு மதிப்பு அதிகம். அவள் அசந்துபோவாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, தங்கக்காதுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அவள் சுற்றிக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். முடிந்தது என்று கையை விரித்துக் காட்டினாள். அவர் திடுக்கிட்டவர்போல் கண்ணைத் திறந்து, இயர்போனை உருவி, "ஓ, பேசி முடிச்சிட்டியா?" என்றார்.

"முடிச்சிட்டேன்," என்றாள்.

வெளியே தங்கக்காது பரபரத்தார். "சொல்லுங்க, சொல்லுங்க. என்ன கேட்டுது?"

"ஒண்ணுமே கேக்கல. ஆள் இருக்கற சுவடே தெரியல."

"ஒரு வார்த்தை?"

"ஒரு எழுத்துகூட இல்ல."

"என்னம்மா, நல்லா சத்தமாத்தானே பேசினீங்க?"

"வீட்டுல பேசற மாதிரிதான் பேசினேன்," என்றாள் அவள். பிறகு கணவரைப் பார்த்து, "பாட்டு எப்படி இருந்துது?" என்று கேட்டாள். கல்யாணமான நாளாக அவள் அவரிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

செவிச்செம்மலுக்கு உற்சாகம் பிறந்தது. ஆரம்பத்தில் அந்த மூச்சு வந்ததை வர்ணித்தார். பின்னணி நிசப்தத்தின் கருமையைச் சொன்னார். நடுவில் மேளம் நுழையும் இடத்தில், தோல் இழுபட்டு அதிர்வதுகூடத் தனியாகக் கேட்டது என்றார். பழையதில் இருந்த திரை சுத்தமாக விலகிவிட்டது என்றார். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ வாங்கிடுங்க," என்றாள். "நான் லேபுக்குக் கெளம்பறேன். ஒரு செட் பாதியில கெடக்கு."

"சாயங்காலம் சீக்கிரம் வந்துடு. கொஞ்சம் பேசணும்," என்றார் அவர், குரலில் தேன் குழைத்து.

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கொண்டைக்காரனிடம் போனைக் கொடுத்து, அவனிடம் ஏதோ சொல்லி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். தெருவைக் கடக்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. நடையில் ஒரு வேகம் இருந்தது. வேலை இருக்கிறது, பாவம், என்று செவிச்செம்மல் நினைத்துக்கொண்டார்.

பில் போட்டார்கள். காதில் போட்ட பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்று கொண்டைக்காரன் நினைவூட்டினான். தேவையே வராது என்று செவிச்செம்மல் கார்டைத் தேய்த்தார். சாயங்காலம் எந்த இடத்தில் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது. முகம்கூடக் கொஞ்சம் பிரகாசித்தது.

"அந்தத் தோல் அதிர்ற எடத்த நானும் ஒரு தடவ கேட்டுடறேன்," என்றார் தங்கக்காது. "தம்பி, அப்பிடியே ஓட்டு. அங்கதானே நிறுத்தியிருப்பாங்க?"

கொண்டைக்காரன் போனை எடுத்துப் பார்த்தான். "அடடா. அந்தம்மா போகும்போது சொன்னாங்க சார், நான் அழுத்தவே இல்ல, எனக்குப் பேசத்தான் வேண்டியிருந்துதுன்னு. வெளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன்."

போனை இருவர் பக்கமும் திருப்பிக் காட்டினான். பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை.